பெட்டிக்குள் மூன்று சத்தங்கள்

ஜோசபினுக்கு இரண்டு விஷயங்கள் அறவே ஆகாது. ஒன்று கரப்பான்பூச்சி. இன்னொன்று, வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசுகிற ஆண்கள். எண்பத்தெட்டாம் வருடம் அக்டோபர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தொன்றில் பரமசிவத்தின் மாடி ஆபீசில் இரண்டும் அவளுக்காகக் காத்திருந்தன. இரண்டாவது முதலில் கண்ணில் பட்டது.

பரமசிவம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கறிபஃப் தின்றுகொண்டிருந்தார். "வாங்கம்மா, உக்காருங்க" என்று அவர் சொன்னபோது ஓர் உருளைக்கிழங்குத் துணுக்கு கிளம்பி ஜோசபினின் கைப்பை மேல் வந்து உட்கார்ந்தது. அவள் அதை இரண்டு விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, அந்த இரண்டு விரலையும் கைக்குட்டையில் மூன்று முறை துடைத்தாள். பத்து வருடம் போலீசில் இருந்துவிட்டு இப்போது தனியாகத் துப்பறிகிறவள், பிணம் புரட்டிப் பார்த்தவள்தான். அதற்காக எல்லா அசிங்கமும் பழகிவிடுமா என்ன?

"ஒண்ணு எடுத்துக்கப்பா" என்று பரமசிவம் தட்டை அவளுடைய உதவியாளன் நூருல் அமீன் பக்கம் தள்ளினார்.

"வேணாம்ணே. நீங்க சாப்பிடுறதப் பாத்தே வயிறு நிறைஞ்சிடுச்சு" என்றான் அமீன். முப்பத்தெட்டு வயது, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், பதினைந்து வருடம் ரேடியோவும் டிவியும் ரிப்பேர் செய்த கை. வாய் மட்டும் எந்த ரிப்பேருக்கும் அடங்காதது.

பரமசிவம் கப்பல்களுக்குச் சாமான் போடுகிறவர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வந்து நிற்கிற கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், உறைந்த ஆட்டிறைச்சி எல்லாம் அவருடைய லாரியில்தான் போகும். கீழே கிடங்கு, மேலே ஆபீஸ். இறைச்சி உருகிய தண்ணீரின் வாடை படிக்கட்டிலேயே மூக்கைப் பிடித்துவிட்டது. அந்த வாடைதான் வழக்கும்கூட. போன திங்கட்கிழமை இங்கிருந்து போன பன்னிரண்டு பெட்டி இறைச்சியைத் தின்று ஒரு கப்பலில் பதினோரு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். சமையல்காரனுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. இன்று நாலு மணிக்குச் சுகாதார அதிகாரி வாக்குமூலம் வாங்க வரப்போகிறார். அதற்குள் பழி யார் தலையில் என்று தெரிந்தாக வேண்டும்.

"தலை இதோ இருக்கு" என்று பரமசிவம் மூலையைக் காட்டினார்.

மூலையில் ஒரு ஸ்டூலில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் உர்சுலா. ஆங் மோ கியோவில் தாயோடு இருப்பவள், இருபத்தாறு வயது, ஆபீஸ் டைப்பிஸ்ட். பிரீசரைப் பார்த்து, கெட்டது நல்லது குறித்து வைப்பதும் அவள் வேலை. மாதா கோயிலில் அவள் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது. அதற்குள் பேர் கெட்டுவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன செய்வார்கள் என்பதை அவள் முகமே சொன்னது.

"கறி கெட்டிருச்சுன்னு நான் திங்கக்கிழமையே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், மிஸ். பாஸ்கிட்டயும் சொன்னேன்" என்றாள் அவள். "அதத் தொறந்து பாத்தாலே தெரியும்."

"அதான் தொறக்க மாட்டேங்குதே" என்றார் பரமசிவம். "செவ்வாக்கிழமை சாயங்காலம் வேலை இருக்குன்னு சொல்லி அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா. புதன்கிழமை காலையில கொண்டாந்து வச்சுட்டு, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு பன்னண்டு மணிக்கு லீவுல போயிட்டா. வியாழக்கிழமை காலையில நான் தொறந்து சுவிட்சப் போட்டா ஒரே சத்தம். கெடுத்து வச்சிருக்கா."

"புதன்கிழமை காலையில நல்லாத்தான் இருந்துச்சு, மிஸ்."

"நடுவுல வேற யாராச்சும் தொட்டிருக்கலாமே?" என்று கேட்டாள் ஜோசபின்.

பரமசிவம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு ஆயுதபூசை. அவ போனதுமே எல்லாச் சாமானையும் அடுக்கி, என் கையாலயே பொட்டு வச்சேன். தராசு, கத்தி, டூல்ஸ், இந்தப் பெட்டி, எல்லாத்துக்கும். மறுநாள் நான் கலைக்கிற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. ஆபீஸ நானே பூட்டினேன், நானே தொறந்தேன். இருபத்திரண்டு வருஷமா சாவி என் இடுப்புலதான். அப்ப கெடுத்தது யாரு?"

கேட்பதற்குக் கச்சிதமாகத்தான் இருந்தது. ஜோசபின் மேசை மேலிருந்த பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

சாம்பல் நிறத்தில், ஒரு சின்ன சூட்கேஸ் அளவுக்கு, ஏழு கிலோ. மூடியின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்படியே இருந்தன.

"லேப்டாப்புன்னா மடியில வச்சுக்கிறதாமே" என்றான் அமீன், தூக்கிப் பார்த்து. "இத மடியில வச்சா அப்புறம் மனுசன் எந்திரிக்க முடியாதுலா."

அவன் சுவிட்சைப் போட்டான். ஆரஞ்சு நிறத் திரை ஒருமுறை மின்னி, ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. ஜோசபின் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தத்தை மொத்தமாகக் கேட்டால் அது வெறும் இரைச்சல், பிரித்துக் கேட்டால் சாட்சி என்பது அவள் கட்சி.

"கடகடன்னு ஒண்ணு. அது என்ன?"

"ஃபேன் க்கா. பின்னாடி சூட்டை வெளியேத்துற சின்னக் காத்தாடி. எதுவோ இடிக்குது."

"வயரைப் பிடுங்கு."

பிடுங்கினான். காற்றாடி தேய்ந்து தேய்ந்து நின்றது. பெட்டிக்குள் இன்னும் கேட்டது. சரசர, சரசர என்று, காகிதத்தை நகத்தால் சுரண்டுகிற சத்தம்.

"பதினஞ்சு வருஷத்துல கரண்ட் இல்லாம ஓடுற மெஷினை இப்பதான் பாக்குறேன்" என்றான் அமீன்.

அந்தச் சத்தம் என்னவென்று ஜோசபினுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

அமீன் பெட்டியைச் சாய்த்தான். டொக். மறுபக்கம் சாய்த்தான். மறுபடியும் டொக்.

"மூணாவது. உள்ள எதுவோ கழண்டு உருளுது. கவுத்துட்டுத் தொறக்கவா?"

"தொற" என்றாள் அவள், நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு.

பெட்டியின் அடியில் நாலு ஸ்குரூ. அமீன் தன் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கழற்றி, நாலையும் ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தான். பிறகு பெட்டியை நிமிர்த்தி மூடியைத் தூக்கினான்.

முதலில் ஒரு மீசை வெளியே வந்தது. அப்புறம் பத்து, இருபது. கொழுத்ததும் பொடிசும், ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி, மேசை முழுக்கப் பரவி, காகிதங்களுக்கு அடியிலும் டெலிபோனுக்கு அடியிலும் புகுந்து ஓடின. பச்சைச் சர்க்யூட் பலகை முழுவதும் பழுப்பாய் முட்டைக்கூடுகள். ஒரு புளித்த வாடை, அதன்மேல் ஒரு தித்திப்பு வாடை. ஒன்று ஜோசபினின் செருப்பின் மேல் ஏறியது. அவள் எப்படி நாற்காலி மேல் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

பரமசிவம் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மாவுக்குக் கரப்பான்னா ஆகாதுன்னு தேக்கா மார்க்கெட்டுக்கே தெரியுமே. போன வருசம் மீன் கடை மேடையிலயே ஏறி நின்னீங்களாம்ல. இறங்குங்கம்மா. பாத்தாச்சுல்ல? வேலை நேரத்துல கேக்கைத் தின்னு தின்னு உள்ள சிந்தியிருக்கா, பூச்சி புடிச்சு மெஷின் செத்துப்போச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. கப்பல் கம்பெனிக்காரன் வெளியாள் ரிப்போர்ட்டுதான் வேணும்கிறான்."

அவர் நீட்டிய தாளில் ரிப்போர்ட் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. மூன்று வரி. 'உணவுத் துணுக்குகள், கரப்பான்பூச்சிகள், ஊழியரின் கவனக்குறைவு.'

ஜோசபின் பேனாவைத் திறந்தாள். இந்த அறையை விட்டு வெளியே போய்க் கையைக் கழுவ வேண்டும், வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பேனா தாளைத் தொடப்போன இடத்தில் கை நின்றது.

பெட்டியை இப்போதுதானே திறந்தோம்? உள்ளே கரப்பான் இருப்பது இந்த மனுசனுக்கு முன்னாலேயே எப்படித் தெரியும்? சிங்கப்பூரில் துப்பறிகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க, கரப்பானைக் கண்டால் மேடை ஏறுகிறவளைத் தேடிப் பிடித்தது ஏன்? கதவுக்குப் பூட்டுப் போடுவார்கள், பெட்டிக்குப் பூட்டுப் போடுவார்கள். இந்த ஆள் அருவருப்பைப் பூட்டாகப் போட்டிருக்கிறான்.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததில் குமட்டல் கொஞ்சம் அடங்கியது. நாற்காலியிலிருந்து இறங்கி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பெட்டிக்குள் குனிந்தாள். மூலையில் பழுப்பாய் ஒட்டிக்கொண்டிருந்ததை ஒரு விரலால் தோண்டி எடுத்து, மூக்கருகே கொண்டுபோனாள்.

அமீன் வாயடைத்துப் போனான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"கேக் இல்ல" என்றாள் ஜோசபின். "நெய், முந்திரி, திராட்சை. பச்சைக் கற்பூரம்கூட இருக்கு. சக்கரைப் பொங்கல்."

பரமசிவத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "அது... பூசையில படைச்சது. பெட்டிக்கு மேல வச்சிருந்தோம், சிந்தியிருக்கும்."

"சிந்தினா மூடி மேல சிந்தும்ணே" என்றான் அமீன், வாய் திரும்பக் கிடைத்துவிட்டது. "இந்தக் காத்து ஓட்டைங்களப் பாருங்க. ஒரு பருக்கை நுழைஞ்சாலே ஜாஸ்தி. முழு முந்திரி என்ன, டிக்கெட் வாங்கிட்டா உள்ள வந்துச்சு?"

"அப்ப அவதான் உள்ள வச்சிருக்கணும். எந்தக் கோயில்லயும் பொங்கல் குடுப்பாங்க. செவ்வாக்கிழமை ராத்திரி வீட்டுல வச்சுத் திணிச்சிருப்பா."

"இருக்கலாம்" என்று ஜோசபின் தலையாட்டினாள். "அமீன், அந்த மூணாவது சத்தம்?"

அமீன் ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் பூச்சிகளையும் கூடுகளையும் பழைய பேப்பரில் தள்ளி மடித்து, ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே வந்தான். காற்றாடியில் சிக்கியிருந்த முந்திரியைக் குறடால் பிடுங்கினான். பிறகு இரண்டு விரலால் ஒரு குட்டி ஸ்குரூவை எடுத்துக் காட்டினான். "இதான் உருண்டது. ஹார்ட் டிஸ்க்கைப் பிடிக்கிற நாலுல ஒண்ணு. அதோட பட்டை வயரும் கழண்டு கெடக்கு. கழண்டு இல்ல, பிடுங்கியிருக்காங்க. டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலைன்னு நினைக்கிறேன் க்கா. வயர் பிடுங்கினா செத்துடும்னு யாரோ நம்பியிருக்காங்க."

"ஆக, பெட்டியைத் தொறந்திருக்காங்க. எப்பங்கறதுதான் கேள்வி. புதன்கிழமை மத்தியானத்துக்கு முன்னாடின்னா உர்சுலா. பின்னாடின்னா, சாவி வச்சிருக்கவர்." ஜோசபின் அமீனின் கையிலிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கினாள். "காலையில இதச் சுத்தமாத்தானே எடுத்து வச்சே?"

"தினமும் துடைப்பேன் க்கா. பொண்டாட்டியைவிட இது மேலதான் எனக்குப் பாசம். அங்க போய்ச் சொல்லிடாதீங்க."

அவள் அதன் நுனியை வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்தாள். மஞ்சளாய் ஒரு கோடு விழுந்தது, நடுவில் லேசாகச் சிவப்பு. பெட்டியின் அடியிலிருந்து கழற்றிய நாலு ஸ்குரூவையும் எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். நாலின் பள்ளத்திலும் அதே மஞ்சள், காய்ந்து பொடியாய்.

"சந்தனம், குங்குமம்" என்றாள். "மூடி மேல பொட்டு வைப்பாங்க. பெட்டியைக் கவுத்துப் போட்டு, அடியில இருக்க ஸ்குரூ பள்ளத்துக்குள்ள யாரும் பொட்டு வைக்க மாட்டாங்க. அது அங்க தானா போகாது. பொட்டு வச்ச ஸ்குரூ டிரைவரால திருப்பினாத்தான் போகும். உர்சுலா, உங்க ஆபீஸ் டூல்ஸ் எங்க?"

உர்சுலா எழுந்து சன்னலோரத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தாள். திறந்தார்கள். குறட்டில் பொட்டு காய்ந்து இருந்தது. சுத்தியலிலும் இருந்தது. ரம்பத்தில் இருந்தது, ஸ்பேனர் ஒவ்வொன்றிலும் இருந்தது. பூசைக்குப் பிறகு அவற்றுக்கு வேலை வரவில்லை. ஸ்குரூ டிரைவரின் இரும்பு நுனியில் மட்டும் பொட்டு கலைந்து, தேய்ந்து, ஒரு கறையாய் மிஞ்சியிருந்தது.

"உங்க வாயாலயே சொன்னீங்க" என்றாள் ஜோசபின். "உர்சுலா போனதுக்கப்புறம்தான் பொட்டு வச்சேன்னு. நானே பூட்டினேன், நானே தொறந்தேன்னு. வியாழக்கிழமை தொறந்ததும் சத்தம் கேட்டுச்சுன்னு. பொட்டு வச்ச சாமானை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாதுங்கற ஊர்ல, தொட்டது யாரு? பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தா உங்க மேல சந்தேகம் வரும். செத்த பெட்டின்னா இவ மேல வரும். சாமிக்குப் படைச்சதை அள்ளிக் கரப்பானுக்கு வச்சிருக்கீங்க. எனக்குச் சாமி வேற, ஆனாலும் குமட்டுது."

பரமசிவம் உதட்டைத் துடைத்துக்கொண்டார். முதல்முறையாக வாய் காலியாக இருந்தது. "எல்லாரும் ஏன் இப்படிக் குதிக்கிறீங்க? கப்பல்காரனுங்க எதைத் தின்னாலும் செரிக்கும். இந்தத் தடவை ஏதோ கோளாறு. யாரும் சாகலையே."

அதைக் கேட்டபோது ஜோசபினுக்கு வந்த அருவருப்பு, கரப்பான் செருப்பில் ஏறியபோதுகூட வரவில்லை. அந்த மேசையைத் தொட்ட கையைக்கூட அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

இதற்குள் அமீன் பட்டை வயரைச் செருகி, ஸ்குரூவை முடுக்கி, மூடியைப் போட்டிருந்தான். சுவிட்சைப் போட்டதும் காற்றாடி சீராக ஓடியது. சரசரப்பு இல்லை, டொக் இல்லை. டிஸ்க் மெல்ல முனகி விழித்துக்கொண்டது. திரை பாஸ்வேர்டு கேட்டது. அது உர்சுலாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் உட்கார்ந்து தட்டினாள். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

ஆரஞ்சு எழுத்தில் கோப்பு திறந்தது. அமீன்தான் படித்து, தமிழில் சொன்னான். "அக்டோபர் பதினேழு, காலை பத்து இருபது. ஆட்டிறைச்சி பன்னண்டு பெட்டி. பிரீசர் சனிக்கிழமையிலேர்ந்து நின்னு போயிருக்கு. நாத்தம். அனுப்ப வேணாம்னு பாஸ்கிட்ட சொன்னேன். பத்து நாப்பது. அனுப்பச் சொல்லிட்டார்." அவன் குரல் அங்கே தடுக்கியது. "பத்து ஐம்பது. டெலிவரி லெட்டர்ல, ஃபிரெஷ், செக் பண்ணியாச்சுன்னு டைப் பண்ணிக் கையெழுத்துப் போட்டேன். உர்சுலா."

ஜோசபின் அந்தக் கடைசி வரியைத் தானும் ஒருமுறை படித்தாள். இவ்வளவு நேரம் யாருக்காகக் கரப்பான் கூட்டுக்குள் விரலை விட்டாளோ, அவள் மேலேயே இப்போது மனம் கசந்தது.

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க இந்தப் பெட்டிக்குள்ள கையை விட்டிருப்பீங்களா, மிஸ்?" என்றாள் உர்சுலா, திரும்பிப் பார்க்காமல்.

பதில் பரமசிவத்திடமிருந்து வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைக்குச் சொல்கிற குரலில் பேசினார்.

"பாத்தியாம்மா? இதக் காட்டினா எங்கூட நீயும்தான் போவே. கல்யாணம் வச்சிருக்க பொண்ணு. பூச்சி புடிச்சு எல்லாம் போச்சுன்னு சொல்லிட்டா யார் மேலயும் குத்தமில்ல, உனக்கு வேலையும் இருக்கும். ஒரே ஒரு பட்டன். அழிச்சிடு."

"சரி பாஸ்" என்றாள் உர்சுலா.

நாலு வருடமாக அவர் எதைச் சொன்னாலும் அவள் சொல்லிப் பழகிய வார்த்தை அது. ஜோசபின் எழுந்தாள், அமீன் பிளக்கைப் பார்த்துப் பாய்ந்தான். அதற்குள் உர்சுலாவின் விரல்கள் விசைகள் மேல் ஓடிவிட்டன.

சுவரோரத்தில் இருந்த பிரிண்டர் கிறீச்சிட்டு ஓடத் தொடங்கியது. வரி வரியாக, ஆபீசே அதிர, காகிதம் வெளியே வந்தது. பரமசிவம் எழுந்து அதைப் பிடுங்க வந்தார். அமீன் தன் பெருத்த உடம்பைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு, "இது சூடா இருக்குண்ணே, ஆறட்டும்" என்றான்.

உர்சுலா தாளைக் கிழித்தாள். கீழே பேனாவால் கையெழுத்துப் போட்டாள். முதல் எழுத்து கோணிப்போயிற்று. அதைத் திருத்தவில்லை. படிக்கட்டில் கனமான செருப்புச் சத்தம் கேட்டது. சுகாதார அதிகாரி அண்ணாதுரை, மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உள்ளே வந்தார்.

அவள் போய் அவரிடம் தாளை நீட்டினாள்.

"கடைசி வரிய மொதல்ல படிங்க, சார்" என்றாள். "அது நான் செஞ்சது."